பிடி100 சென்சாரை ஆர்டுயினோவுடன் இணைத்து ஹீட்டரைக் கட்டுப்படுத்துவது எப்படி?

வெப்பநிலையை அளக்கும் பிடி100 சென்சார் என்பது மெல்லிய பிளாட்டினம் கம்பிதான். 0 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை 100 ஓம், 100 டிகிரியில் சுமார் 138.5 ஓம். டிகிரிக்கு 0.385 ஓம்தான் ஏறுகிறது.

இதை 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடராக வைத்து, ஆர்டுயினோ ஊனோ என்ற நிரல் எழுதக்கூடிய சிறு போர்டின் அனலாக் பின்னில் (மின்னழுத்தத்தை அளக்கும் முனை) நேரடியாகப் படிக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு டிகிரிக்குக் கிடைப்பது 1.6 மில்லிவோல்ட். ஊனோவால் பிரித்தறிய முடிவதோ 4.9 மில்லிவோல்ட். மூன்று டிகிரி ஏறினால்தான் எண் ஒன்று நகரும். அதனால் இந்தச் சிறு மாற்றத்தையும் துல்லியமாக அளந்து ஆர்டுயினோவுக்கு எண்ணாக அனுப்பும் மேக்ஸ்31865 போர்டு ஒன்றை வாங்கிவிடுங்கள்.

முதலில் மல்டிமீட்டர். மூன்று வயர் சென்சாரில் ஒரே முனையிலிருந்து வரும் இரண்டு வயர்களுக்கு நடுவே கிட்டத்தட்ட 0 ஓம் காட்டும். அவற்றில் ஒன்றுக்கும் மூன்றாவதற்கும் நடுவே, அறை வெப்பத்தில், 110 ஓம் அளவில் இருக்கும். போர்டிலும் மூன்று வயருக்கான ஜம்பரை (சிறு இணைப்பு) சரியாகப் போடுங்கள்.

அடுத்து, போர்டும் ஆர்டுயினோவும் பேசிக்கொள்ளும் எஸ்பிஐ இணைப்பு (முதலில் போர்டின் பின், எதிரே ஆர்டுயினோ பின் எண்): சிஎஸ் 10, எஸ்டிஐ 11, எஸ்டிஓ 12, கிளாக் 13. நிரலில் ரெஃபரன்ஸ் ரெசிஸ்டர் (போர்டு ஒப்பிட்டு அளக்கப் பயன்படுத்துவது) 430 ஓம் என்று கொடுங்கள். பிடி100 போர்டுகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். ஐஸ் கலந்த தண்ணீரில் சென்சாரை முக்கிக் கலக்கினால் 0-ஐ ஒட்டி வர வேண்டும்.

சரி, இனி ஹீட்டர். பின் 7-இலிருந்து சாலிட் ஸ்டேட் ரிலேவுக்கு (ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் மின்னணு சுவிட்ச்) இணைப்பு. 60 டிகிரி வேண்டுமென்றால் 59-க்குக் கீழே ஆன், 60-ஐத் தொட்டதும் ஆஃப். இந்த ஒரு டிகிரி இடைவெளி இல்லாவிட்டால் ரிலே ஓயாமல் ஆன், ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கும். மெயின்ஸ் வயரிங்கை அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இப்போது இதைக் கவனமாகப் படியுங்கள். சென்சார் வயர் அறுந்தால் பெரும்பாலும் மின்தடை மிக அதிகமாகத் தெரியும்; அப்போது ஹீட்டர் தானாக நின்றுவிடும். ஷார்ட் ஆனாலோ கடுங்குளிர் என்று காட்டும், ஹீட்டர் நிற்கவே நிற்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் மேக்ஸ்31865 பிழைகளைக் குறித்துவைக்கும் ஃபால்ட் ரெஜிஸ்டரைப் படித்து, பிழை இருந்தால் உடனே ரிலேயை அணைக்க வேண்டும். அப்புறம், சென்சார் நழுவி வெளியே விழுந்தால் எந்தப் பிழையும் பதிவாகாது. அதற்காகத்தான் ஹீட்டருக்குத் தொடராக, சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு தெர்மல் ஃபியூஸ். அதைப் போடாமல் பிளக்கைச் செருகாதீர்கள்.