போர்டில் ஒரு பெண் இருந்தால் போதுமா? பிஆர்எஸ்ஆர் அறிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனரின் மனைவியையோ மகளையோ இயக்குநராக்கிவிட்டு, விதி நிறைவேறியது என்று கோப்பை மூடுவதுதான் முதல் தவறு. 2013 கம்பெனிச் சட்டத்துக்கு அது போதும். பட்டியலிட்ட நிறுவனத்தில் பெண் இயக்குநர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதோடு அந்தச் சட்டம் நின்றுவிடும். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பட்டியலிடல் விதி அப்படியல்ல. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்களில் அந்தப் பெண், நிறுவனத்தையோ அதன் உரிமையாளர்களையோ சாராத சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் இதுதான் நடைமுறை. புரமோட்டரின், அதாவது நிறுவனத்தைத் தொடங்கிக் கட்டுப்படுத்துபவரின், உறவினர் சுயேச்சை ஆக முடியாது.

2022-23 நிதியாண்டு முதல் பிஆர்எஸ்ஆர் (BRSR) எனப்படும் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாகத் தருவதும் முதல் 1000 நிறுவனங்கள்தான். “எங்கள் போர்டில் பெண்கள் வந்த பிறகு நிலைத்தன்மைத் தகவல்கள் கூடின” என்று எழுதும்போது இதை மறந்துவிடுகிறார்கள். ஒரே பட்டியல் மீது இரண்டு கட்டாயங்கள் விழுந்தால் இரண்டும் சேர்ந்தேதான் உயரும். ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்பதற்கு அது சான்றாகாது.

எண்ணிக்கை எளிது என்று நினைப்பதால் அதிலும் சறுக்குவார்கள். பிஆர்எஸ்ஆரின் அ பிரிவில் போர்டுக்கு ஒரு வரி, முக்கிய நிர்வாகிகளுக்கு ஒரு வரி. எட்டுப் பேரில் இருவர் பெண்கள் என்றால் 25%. முழுநேர இயக்குநர் இரண்டு வரிகளிலும் வருவார். ஆகவே இரண்டையும் கூட்டித் ‘தலைமைப் பொறுப்பில் பெண்கள்’ என்று புது விகிதம் போடக் கூடாது. கணக்கு மார்ச் 31 நிலவரப்படி. மார்ச் 20-ல் ஒருவர் விலகி ஜூனில் புதியவர் வந்தால், அவரை இந்த ஆண்டுக் கணக்கில் சேர்க்காமல் அடிக்குறிப்பில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அதே ஆண்டறிக்கையின் நிர்வாக முறை அறிக்கையோடு எண் மோதும்.

பிஆர்எஸ்ஆரில் மனித உரிமை பற்றிய ஐந்தாம் கொள்கையின் கீழ் கேட்கப்படும் ஊதிய இடைநிலைதான் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை) அதிகம் ஏமாற்றும். ஓர் எடுத்துக்காட்டு: போர்டில் ஆறு ஆண்கள். இருவர் முழுநேரம், தலா ரூ.2 கோடி, நால்வர் சுயேச்சை, தலா ரூ.10 லட்சம். பெண்கள் இருவரும் சுயேச்சை, தலா ரூ.10 லட்சம். இடைநிலை இருபாலருக்கும் ரூ.10 லட்சம். அட்டவணை சமத்துவம் என்கிறது! ஆனால் ஆண்களின் சராசரி சுமார் ரூ.73 லட்சம். முழுநேரப் பதவியில் பெண் யாருமில்லை என்பதை இந்த எண் சொல்லாது. நீங்கள்தான் குறிப்பில் சொல்ல வேண்டும். கேட்பது இடைநிலை என்பதால் சராசரியை அந்தக் கட்டத்தில் நிரப்பவும் கூடாது. கூட்டத்துக்கு வருவதற்கான அமர்வுக் கட்டணம் சேர்ந்ததா, ஆண்டின் பாதியில் வந்தவர்களை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். போன ஆண்டு ஒரு முறை, இந்த ஆண்டு வேறு முறை என்றால் ஒப்பீடே பாழ்.

போர்டின் பன்மைத்தன்மை என்றால் பாலினம் மட்டும் என்று நினைப்பதும் உண்டு. ஆண்டறிக்கையில் இயக்குநர்களின் திறன் அட்டவணை பெயர்களோடு வர வேண்டும். அதில் எல்லோருக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்திருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். பிஆர்எஸ்ஆரின் ஆ பிரிவு, நிலைத்தன்மை குறித்து முடிவெடுக்க போர்டு கமிட்டியோ இயக்குநரோ உண்டா என்று கேட்கிறது. ‘ஆம்’ என்று எழுதிவிட்டு, திறன் அட்டவணையில் நீர், கழிவு, எரிசக்தி தெரிந்தவர் அந்தக் கமிட்டியில் ஒருவரும் இல்லை என்றால் முரண் பளிச்சென்று தெரியும். உங்கள் பெண் இயக்குநர் அந்தக் கமிட்டியில் இருக்கிறாரா, அது ஆண்டில் எத்தனை முறை கூடியது, எந்த இலக்கை மாற்றியது என்பதைக் கூட்டக் குறிப்பிலிருந்து எடுத்து எழுதினால் ஒரு பத்தி போதும்.

பெண் இயக்குநர் இடம் காலியானால் அடுத்த அறிக்கைவரை தள்ளிப்போட முடியாது. போர்டு அமைப்பு விதியை மீறினால் பங்குச் சந்தை விதிக்கும் அபராதம் நாளொன்றுக்கு ரூ.5,000.