குச்சி கட்டாமல் சம்பங்கியும் கல்வாழையும் வளர்ப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிச் செம்மண் தோட்டங்களில், ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் நின்று பூக்கும் உயரமான செடிகள் என்றால் நான் முதலில் சொல்வது சம்பங்கியையும் கல்வாழையையும்தான். ஆடிக் காற்றுக்குச் சாய்ந்துவிடும் என்று பலரும் பூத்தண்டைக் குச்சியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டிய தண்டு காற்றோடு அசைய வழியில்லாமல் கட்டிய இடத்திலேயே முறிகிறது. நடும்போதே கவனித்தால் குச்சிக்கே வேலையில்லை.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழும் இடம் வேண்டும். மதில் நிழலில் நட்ட செடியின் தண்டு வெளிச்சத்தைத் தேடி நீண்டு மெலிந்துவிடும். மண்ணைக் கொத்தித் தொழுவுரம் இடுவது வழக்கம்போலத்தான்.

சம்பங்கிக் கிழங்கைத் தோண்டியவுடன் நடாமல் ஒரு மாதம் நிழலில் ஆறவிட்டு, 25 முதல் 30 கிராம் எடையுள்ளவற்றைப் பொறுக்கி, ஜூன், ஜூலையில் நடவேண்டும். வயலில் வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. விடுவார்கள், வீட்டுத் தோட்டத்தில் எல்லாப் பக்கமும் 20 செ.மீ. விட்டுக் கூட்டமாக நடுவதே நல்லது, ஏனென்றால் வளர்ந்தபின் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். இரட்டை அடுக்குப் பூவின் பாரம் தண்டைச் சாய்க்கும் என்பதால், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட, விறைப்பான தண்டும் இளஞ்சிவப்பு படர்ந்த மொட்டும் உடைய பிரஜ்வல் என்ற ஒற்றை அடுக்குப் பூ ரகத்தையே நான் விரும்புகிறேன். யூரியாவைத் தொடவே வேண்டாம். இலை கொழுத்துத் தண்டு பலமிழக்கும்.

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது, பூத்து முடிந்தபின் எதை வெட்டுவது என்பதுதான். சம்பங்கியில் காய்ந்த பூத்தண்டை மட்டும் வெட்டவேண்டும். மஞ்சளாகாத இலை ஒவ்வொன்றும் அடுத்த பருவத்துக்கான உணவைக் கிழங்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. கல்வாழை அப்படியல்ல. பூத்து ஓய்ந்த தண்டில் மீண்டும் பூ வராது. அதன் அடியை விலக்கிப் பார்த்தால், பக்கத்தில் கூம்பாகச் சுருண்ட புதுக்குருத்து மண்ணைக் கீறி வந்திருக்கும், அதில் படாமல் பழைய தண்டைத் தரையோடு அறுத்துவிடலாம். இதற்குக் கத்தரியைவிடக் கதிர் அரிவாளே கைக்கு வாகானது. முள்முள்ளான காயில் கறுப்பு விதை வேண்டுமென்றால் ஓரிரு தண்டுகளை விட்டுவையுங்கள்.

மூன்றாண்டில் தூர் நெருங்கிப் பூ குறையும். அப்போது மண்வெட்டி போட்டால் கிழங்கு வெட்டுப்படும். ஒரு சாண் தள்ளிக் கடப்பாரையை இறக்கி நெம்பிப் பிரித்து நடுங்கள்.

பிற்சேர்க்கை: உரம் இட்டும் சம்பங்கி வெளிறி நிற்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சிறுசிறு முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழு என்னும், வேரைத் தாக்கும் நுண்ணிய மண்புழுவினத்தின் அல்லாத சிறு புழுவின் வேலை. வேப்பம் பிண்ணாக்கு இட்டு, ஓரத்தில் செண்டுமல்லி நட்டு, அடுத்த முறை நல்ல கிழங்கை வேறு பாத்தியில் நடுங்கள்.