ஆக்டிவ் பேஸில் ஃபஸ் பெடல் சொதப்பினால் எங்கிருந்து தேடுவது?

பாசிவ் பேஸ் கிட்டாரில் தடிப்பாக உறுமிய அதே ஃபஸ் பெடல் (ஒலியை வேண்டுமென்றே உடைத்துத் தடிப்பாக்கும் பெடல்), ஆக்டிவ் பேஸை, அதாவது பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் என்ற சிறு பெருக்கி உள்ளே இருக்கும் பேஸை மாட்டியதும் டப்பாவுக்குள் சிக்கிய வண்டு மாதிரி கரகரக்கும். அடிநாதம் காணாமல் போகும். பேஸின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் ஒலி தெளிந்துவிடும் என்று சொல்வார்கள். இங்கே குறைத்துப் பாருங்கள், சத்தம்தான் குறையும், கரகரப்பு அப்படியே இருக்கும். சில பெடல்கள் நீங்கள் தந்தியைத் தொடாதபோதே கீச்சிட ஆரம்பித்துவிடும்.

உடனே பெடல் போச்சு என்று விற்கக் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் பெடலும் நன்றாகத்தான் இருக்கும், பேஸும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் பேட்டரி, கேபிள் போன்ற சில்லறைச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி வேலையெல்லாம் முடித்த பிறகு, பழுதானது பத்து அடி கேபிள்தான் என்று தெரியவரும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: புது 9 வோல்ட் பேட்டரி இரண்டு, நம்பகமான மோனோ கேபிள் இரண்டு, சாதாரண மல்டிமீட்டர் ஒன்று. மற்றதைத் தேவைப்படும்போது சொல்கிறேன்.

படி 1: பேஸ் மட்டும், நேராக ஆம்ப்புக்கு

எல்லாப் பெடல்களையும் கழற்றிவிட்டு பேஸை நேரே ஆம்ப்பில் செருகுங்கள். ஈக்யூ நாப்கள் எல்லாம் நடுவில், வால்யூம் முழுதாக. இப்போது கீழ்த் தந்தியை ஓங்கி ஒரு முறை தட்டுங்கள். தட்டிய கணத்தில் ஒலி உடைந்து, அப்புறம் சரியாகிறதா? அப்படியென்றால் பேஸுக்குள் இருக்கும் பேட்டரி இறங்கிவிட்டது. தீரப்போகும் பேட்டரி ப்ரீஆம்ப்பையே ஒரு மோசமான ஃபஸ் ஆக்கிவிடும், அதன் மேல் இன்னொரு ஃபஸ் வைத்தால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை.

பேட்டரியை அளக்கும்போது கேபிள் பேஸில் செருகியே இருக்கட்டும். ஆக்டிவ் பேஸின் ஜாக்கே ஒரு சுவிட்ச்தான். அதில் ஸ்டீரியோ ஜாக் வைத்திருப்பார்கள். மோனோ ப்ளக் உள்ளே போகும்போது அதன் உடல் பகுதி இரண்டு தொடர்புகளை இணைத்து பேட்டரியை ஆன் செய்யும். ஆகவே ப்ளக்கைச் செருகாமல் அளந்தால் பேட்டரி சும்மா இருக்கும் நிலையைத்தான் பார்க்கிறீர்கள். புது ஆல்கலைன் பேட்டரி 9 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 8-க்குக் கீழே இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். 18 வோல்ட்டில் ஓடும் பேஸ் என்றால் உள்ளே இரண்டு பேட்டரி இருக்கும், இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

இதே காரணத்தால்தான் மோனோ கேபிள் வேண்டும் என்றேன். கைக்குக் கிடைத்த ஸ்டீரியோ கேபிளைச் செருகினால் பேட்டரி ஆன் ஆகாமலே போகலாம். பாதி செருகிய ப்ளக்கும் அப்படித்தான்.

படி 2: பெடல் மட்டும், பேட்டரியில்

நடுவில் ட்யூனர், கம்ப்ரெசர் எதுவும் வேண்டாம். பேஸ், ஃபஸ், ஆம்ப். பெடலில் பேட்டரிக்கு இடமிருந்தால் அடாப்டரைக் கழற்றிவிட்டுப் புது பேட்டரி போடுங்கள். இரைச்சலோ கீச்சொலியோ இதில் மறைந்துவிட்டால் பிரச்சினை மின்சாரத்தில் இருக்கிறது, படி 7-க்கு நேரே போய்விடலாம்.

மறையவில்லையா? தொடருவோம்.

படி 3: ஆக்டிவ் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்

மொத்தச் சோதனையிலும் எனக்கு இதுதான் பிடித்தது, ஏனென்றால் ஒரு நொடியில் பதில் கிடைத்துவிடும். பல ஆக்டிவ் பேஸ்களில் ஆக்டிவ், பாசிவ் என்று மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கும். சில மாடல்களில் வால்யூம் நாப்பை மேலே இழுத்தால் மாறும். ஃபஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாசிவுக்கு மாற்றுங்கள். ஒலி சட்டென்று தடித்து, வால்யூமைக் குறைத்தால் தெளியவும் செய்தால் விஷயம் முடிந்தது: பெடலுக்கு ஒரு கோளாறும் இல்லை, உங்கள் ப்ரீஆம்ப்பின் வெளியீட்டை அதற்குப் பிடிக்கவில்லை.

சுவிட்ச் இல்லாத பேஸ் என்றால் யாரிடமாவது பாசிவ் பேஸோ சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரோ வாங்கி அதே பெடலில் வாசித்துப் பாருங்கள். அதிலும் ஒலி மோசம் என்றால் பெடல் மீது சந்தேகப்படலாம்.

படி 4: ஏன் இப்படி?

ஃபஸ் ஃபேஸ் என்ற வட்டமான பெடல் 1966-ல் லண்டனில் வந்தது. உள்ளே இரண்டே டிரான்சிஸ்டர்கள். கிட்டாரின் பிக்கப் நேரடியாக அதில் வந்து சேரும் என்று எண்ணி அமைத்த சர்க்யூட் அது. அதன் உள்ளீட்டு இம்பீடன்ஸ், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடை, மிகக் குறைவு, சில கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். சாதாரண ஆம்ப்பின் உள்ளீடு 1 மெகா ஓம் என்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

இரண்டாவது டிரான்சிஸ்டரிலிருந்து முதலாவதின் பேஸ் (base) என்ற உள்ளீட்டு முனைக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று திரும்பி வருகிறது. இப்படிப்பட்ட அமைப்பில் பெடல் எவ்வளவு பெருக்கும் என்பதை முன்னால் நிற்கும் கருவியும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. பாசிவ் பிக்கப் என்பது ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி, அதற்கே பல கிலோ ஓம் மின்தடை உண்டு. கம்பிச்சுருள் என்பதால் மேல் அலைவரிசைகளில் தடை இன்னும் ஏறும், அதனால் கூர்மை தானாக மழுங்கும். வால்யூமைச் சற்றுக் குறைத்தால் நடுவே இன்னும் பல கிலோ ஓம் சேர்ந்து பெருக்கம் விழும். ஒலி தெளிவது இதனால்தான்.

ஆக்டிவ் ப்ரீஆம்ப் இதையெல்லாம் துடைத்துவிடுகிறது. நீளமான கேபிளிலும் ஒலி கெடக் கூடாது என்பதற்காகவே அதன் வெளியீட்டு இம்பீடன்ஸைக் குறைவாக வைத்திருக்கிறார்கள். நல்ல குணம்தான், ஆனால் ஃபஸ்ஸுக்கு முன்னால் மட்டும் அது தடையே இல்லாமல் முழு வேகத்தில் தள்ளுகிறது. கூர்மையும் மழுங்காமல் போய்ச் சேர்கிறது. பஃபர் (வெளியீட்டு இம்பீடன்ஸைக் குறைக்கும் சிறு சர்க்யூட்) உள்ள ட்யூனர் பெடலை ஃபஸ்ஸுக்கு முன் வைத்தாலும் இதே கதைதான், அப்போது பாசிவ் பேஸும் தப்பாது.

எல்லா ஃபஸ்ஸும் இப்படி அடம்பிடிப்பதில்லை. பிக் மஃப் குடும்பத்துப் பெடல்கள் ஆக்டிவ் பேஸோடு பெரும்பாலும் சமாதானமாகப் போகும், காரணம் அவற்றின் உள்ளீட்டிலேயே 30, 40 கிலோ ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. மற்றப் பெடல்களில் நாம் வெளியே செய்யப்போவதும் அதையேதான்.

படி 5: நடுவே ஒரு தடை

தேவை: 100 கிலோ ஓம் பொட் (நாப்பைத் திருப்பித் தடையை மாற்றும் பாகம்) ஒன்று, மோனோ ஜாக் இரண்டு, சிறிய உலோகப் பெட்டி. பேட்டரி வேண்டாம்.

பொட்டுக்கு மூன்று கால்கள். பேஸ் செருகும் ஜாக்கின் முனைத் தொடர்பிலிருந்து ஒரு வயரை நடுக்காலுக்குச் சால்டர் செய்யுங்கள். ஓரக் கால்களில் ஒன்றிலிருந்து இன்னொரு ஜாக்கின் முனைத் தொடர்புக்கு ஒரு வயர். மிச்சமிருக்கும் ஓரக் காலை நடுக்காலோடு இணைத்துவிடுங்கள். பிற்காலத்தில் உள்ளே தொடர்பு விட்டுப்போனாலும் சத்தம் ஒரேயடியாக நிற்காது. இரண்டு ஜாக்குகளின் கிரவுண்டையும் ஒன்றோடொன்று இணையுங்கள். பொட்டின் எந்தக் காலையும் கிரவுண்டில் சேர்க்காதீர்கள், சேர்த்தால் அது வால்யூம் கன்ட்ரோல் ஆகிவிடும், நமக்கு வேண்டியது அதுவல்ல.

மூடும் முன் மல்டிமீட்டரை இரண்டு முனைகளுக்கு நடுவே வைத்து நாப்பைத் திருப்புங்கள். பூஜ்யத்துக்கு அருகிலிருந்து 100 கிலோ ஓம் வரை சீராக ஏற வேண்டும்.

பெட்டியை ஃபஸ்ஸுக்கு நேர் முன்னால், குட்டிப் பேட்ச் கேபிளில் மாட்டுங்கள். தடை கூடிய கம்பி இரைச்சலை எளிதில் பிடிக்கும், அதனால் அதற்குப் பின்னால் நீளக் கேபிள் வேண்டாம். நாப்பைப் பூஜ்யத்தில் வைத்து ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தபடி மெதுவாக ஏற்றுங்கள். 10-க்கும் 50 கிலோ ஓமுக்கும் நடுவே எங்காவது ஒலி உருண்டு திரளும் இடம் வரும். கீச்சொலி இருந்தால் அதுவும் இங்கேதான் அடங்கும். இன்னும் ஏற்றினால் ஃபஸ் மெலிந்து சாதாரண ஓவர்டிரைவ் ஆகும். இந்தப் பெட்டி உங்களுக்குத் திருப்பித் தருவது, பாசிவ் பேஸின் வால்யூம் நாப் செய்துகொண்டிருந்த அந்த வேலையைத்தான்.

ரெசிஸ்டருக்குக் கம்பிச்சுருளின் குணம் கிடையாது, ஆகவே கூர்மை கொஞ்சம் மிஞ்சும். பேஸின் ட்ரெபிளைக் குறைத்தால் எனக்கு அது போதும். அதிலும் திருப்தி இல்லாதவர்கள் சிறிய ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு கம்பிச்சுருளை வரிசையில் சேர்த்துப் பிக்கப்பையே நகல் எடுப்பார்கள்.

படி 6: ஈக்யூவும் அடிநாதமும்

ஆக்டிவ் பேஸில் கீழ் ஒலிக்கான பேஸ் நாப்பை ஏற்றி வைத்துக்கொண்டு ஃபஸ் போடாதீர்கள். கீழ் அலைவரிசைகள் டிரான்சிஸ்டரை முதலிலேயே நிரப்பிவிடும், மேலே எல்லாம் தொப்பலாகக் குழையும். பெடலுக்கு முன் குறைத்து, பின்னால் ஆம்ப்பில் ஏற்றுங்கள். ட்ரெபிள் நாப்பை ஏற்றினால் ப்ரீஆம்ப்பின் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

தடையைச் சரிசெய்த பிறகும் அடிநாதம் இல்லையென்றால் பெடலின் வெளியீட்டைப் பாருங்கள். ஃபஸ் ஃபேஸ் வகையில் கடைசியில் 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 500 கிலோ ஓம் வால்யூம் பொட்டும் இருக்கும். இரண்டும் சேர்ந்து 32 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழேதான் வெட்டும், பேஸின் கீழ் E தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதால் தப்பித்துவிடும். ஆனால் அடுத்து நிற்கும் கருவியின் உள்ளீடு 100 கிலோ ஓம் என்றால், வால்யூம் முழுதாக இருக்கும்போது வெட்டும் இடம் 190 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அடுத்த பெடலை மாற்றிப் பாருங்கள், அல்லது அந்தக் கெப்பாசிட்டரை 0.1 ஆக்குங்கள்.

பிக் மஃப்பில் இன்னொரு விஷயம்: அதன் டோன் சர்க்யூட் 1 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் வைத்திருக்கிறது. தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும், டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்ததும் பேஸ் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஆம்ப்பில் மிட் ஏற்றுங்கள். அல்லது ப்ளெண்ட் பெடல் வைத்து சுத்தமான ஒலியைக் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். கலக்கும்போது ஒலி தடிப்பதற்குப் பதில் மெலிந்தால் ஃபஸ் அலையைத் தலைகீழாக்குகிறது என்று அர்த்தம், அலையைத் திருப்பிப் போடும் ஃபேஸ் (phase) சுவிட்ச் உள்ள ப்ளெண்ட் பெடல்தான் தீர்வு.

படி 7: மின்சாரம்

பழைய பாணி ஜெர்மேனியம் ஃபஸ் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் கிரவுண்ட். மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்துவிட்டால் ஷார்ட் ஆகும். பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது தனித்தனியாகப் பிரித்த வெளியீடு உள்ள பவர் சப்ளையில் அதற்கென்று ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். பேட்டரியில் ஓட்டினால் வாசித்து முடித்ததும் உள்ளீட்டுக் கேபிளைக் கழற்றுங்கள், பெடலின் ஜாக்கும் பேஸில் இருப்பது போன்ற சுவிட்ச்தான்.

படி 8: இன்னும் தீரவில்லையா?

ஸ்வரம் தேயும்போது ஒலி துப்பித் துப்பி அறுந்தால் பயாஸ் (டிரான்சிஸ்டர் சும்மா இருக்கும்போது அதில் நிற்கும் வோல்ட்டேஜ்) நகர்ந்திருக்கலாம். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வெப்பம் மாறினாலே இப்படி நகரும், அறை குளிர்ந்ததும் மறுபடி வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்போதும் அறுந்தால் பெடலைத் திறந்து, இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். ஃபஸ் ஃபேஸ் வகையில் 9 வோல்ட்டில் பாதி, அதாவது 4.5 பக்கம் இருக்க வேண்டும். பாசிட்டிவ் கிரவுண்ட் பெடலில் மைனஸ் குறியோடு காட்டும், பயப்பட வேண்டாம். ட்ரிம் பொட் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் குட்டிப் பொட்) இருந்தால் மெல்லத் திருப்பி அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். எவ்வளவு திருப்பியும் அசையவில்லை என்றால் டிரான்சிஸ்டரோ சால்டரோ போயிருக்கிறது, பெடல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அளந்த வோல்ட்டேஜை ஒரு சீட்டில் எழுதி உள்ளே ஒட்டிக் கொடுத்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.