பின்கதவு ஸ்பீக்கர் மாட்டிய என் அனுபவம்
எங்கள் காரின் அடிப்படை மாடலில் முன்கதவில் மட்டும்தான் ஸ்பீக்கர், பின்சீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் எனக்குக் காது கிழியும். 6.5 அங்குல கோஆக்சியல் (பெரிய கோனுக்கு நடுவில் சின்ன ட்வீட்டரும் சேர்ந்தே வரும்) ஸ்பீக்கர் ஜோடி ஒன்று வாங்கி நானே மாட்டினேன். ஸ்டீரியோவில் 50 வாட் என்று போட்டிருந்தாலும் தொடர்ந்து தருவது ஏறக்குறைய 20 வாட்தான், அதனால் தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாதவர்கள் சென்சிட்டிவிட்டி (குறைந்த வாட்டில் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 90 டெசிபலுக்கு மேல் உள்ள 4 ஓம் ஸ்பீக்கராகப் பாருங்கள்.

டோர் பேடை (கதவின் உட்புற மூடியை) கழற்றினால் வயர் ஏற்கனவே வந்திருந்தது, நல்லவேளை. எது பிளஸ், எது மைனஸ் என்பதற்கு அதன் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்! ஸ்டீரியோ பக்க இணைப்பைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை வயரின் அந்த முனையில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கதவில் இணைத்த ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ். ஒரு பக்கம் மாறினாலும் இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் ஒன்றையொன்று அடித்து பேஸ் (அடித்தொனி) காணாமல் போகும்.

அப்புறமும் பேஸ் வந்தால் கதவு கடகடத்தது. விரலால் தட்டினால் காலி டின் மாதிரி சத்தம். தகட்டைத் துடைத்து பியூட்டைல் ஷீட்டை (அதிர்வை அடக்கும் ஒட்டும் ரப்பர் தாள்) ரோலரால் அழுத்தி ஒட்டி, ஸ்பீக்கரைச் சுற்றி ஃபோம் வளையம் வைத்தேன், கடகடப்பு நின்றது. நல்ல ஒலியில் பாதி இந்த ஷீட்டில்தான் இருக்கிறது என்பேன். ஸ்டீரியோவில் முன், பின் ஒலியைப் பங்கிடும் ஃபேடரைக் கொஞ்சம் முன்பக்கமே வைத்திருக்கிறேன், பாடகர் குரல் முன்னாலிருந்து வர வேண்டுமே.