நெஞ்சுவலி: ‘ஹார்ட் இல்லை’ என்ற பதிலுக்கு முன்னும் பின்னும் செய்யும் தவறுகள்

இரவு பரோட்டா சாப்பிட்டுப் படுத்தவருக்கு இரண்டு மணிக்கு நெஞ்சை அடைக்கிறது. ‘கேஸாத்தான் இருக்கும்’ என்று யாரோ சொல்ல, சோடா வருகிறது, ஓமத் தண்ணீர் வருகிறது, கடைசியில் ஜெலுசில். நாலு ஏப்பம் வந்ததும் கொஞ்சம் லேசாகிறது. வீடு மறுபடி தூங்கப் போகிறது. உயிரைப் பறிக்கும் தவறு இங்கேதான் நடக்கிறது.

ஏப்பம் விட்டதும் வலி குறைந்தது என்பதை வைத்து இதயம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. மாரடைப்பிலும் குமட்டும், வயிறு உப்பினாற்போல் இருக்கும், ஏப்பம் வரும். வலி தானாகவே ஏறி இறங்கும். இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் போய்ச் சேருகின்றன. அதனால் வலி எங்கிருந்து வருகிறது என்று மூளையே குழம்புகிறது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: பக்கத்து வீட்டுத் தாத்தா இதய வலிக்கு வைத்திருக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கடியில் வைத்து, வலி விட்டதும் ‘அப்போ ஹார்ட்தான்’ என்று பயந்துபோவது. அந்த மாத்திரை உணவுக்குழாய் இறுக்கத்தையும் தளர்த்தும். ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடவும் செய்யும். சில்டெனாஃபில் (வயாகரா) வகை மாத்திரை போட்டவருக்கு அது பேராபத்து. ஆக, எந்த மாத்திரைக்கு வலி அடங்கியது என்பது பரிசோதனை ஆகாது.

வலி 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, தாடை, இடது கை, முதுகு என்று பரவினாலோ 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. நெஞ்சில் வலியே இல்லாமல் திடீர் அசதி, மேல்வயிற்றில் பாரம், படியேறினால் இரைப்பு என்று மட்டும்கூட மாரடைப்பு வரும். ‘வேகமாக இருமினால் மாரடைப்பு நின்றுவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி நேரத்தை விடாதீர்கள். பைக்கில் தானே ஓட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். வழியில் துடிப்பு தடுமாறினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளின் முதல் டோஸ் கிடைக்கும். பெரிய ஆஸ்பத்திரி 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கிராமத்துக்கு இது சாதாரண உதவி அல்ல.

ஒரே ஒரு இசிஜி

அடுத்த தவறு, லேபில் ஒரு இசிஜி எடுத்து, ‘நார்மல்’ என்று அச்சடித்த வார்த்தையைப் பார்த்து வீட்டுக்குத் திரும்புவது. அந்த வார்த்தையை எழுதியது இயந்திரம். இசிஜி என்பது பத்து விநாடிகளின் பதிவுதான். அடைப்பு அப்போதுதான் ஆரம்பித்திருந்தால் கோடுகள் மாறாமலே இருக்கலாம். இதயத்தின் பின்சுவரில் நடக்கும் மாரடைப்பு வழக்கமான 12 லீடுகளில் (இதயத்தை வெவ்வேறு கோணத்தில் பார்க்கும் பதிவுகள்) நேராகத் தெரியாமலும் போகலாம். அதனால்தான் வலி தொடரும்வரை 15 முதல் 30 நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். ‘பில் ஏற்றத்தான் இரண்டாவது முறை எடுக்கிறார்கள்’ என்று கோபித்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையில் நேரம்தான் எல்லாம். இதயத் தசை செத்தால் கசியும் புரதம் அது. பழைய முறைப் பரிசோதனையில் அது தென்பட 3 முதல் 6 மணி நேரம் ஆகும். வலி தொடங்கி ஒரு மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் ‘நெகட்டிவ்’ என்று வந்தால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. அதிக உணர்திறன் கொண்ட புதிய கிட் உள்ள இடங்களில் 1 முதல் 3 மணி நேரம் கழித்து இரண்டாவது மாதிரி எடுப்பார்கள். மற்ற இடங்களில் 6 மணி நேரம். ஆகவே வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ‘ராத்திரியிலிருந்து’ என்று சொன்னால் மருத்துவருக்குக் கணக்கு போட வழியில்லை.

எக்கோ (இதய ஸ்கேன்) நார்மல் என்றால் ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எக்கோ பார்ப்பது மோட்டார் எப்படி ஓடுகிறது என்பதை. குழாய்க்குள் அடைப்பு இருக்கிறதா என்பதை அல்ல. 70 சதவீத அடைப்பு உள்ளவரும் அமைதியாகப் படுத்திருக்கும்போது எக்கோ சுத்தமாக இருக்கலாம். நடந்தால் வலி வந்து, நின்றால் சில நிமிடங்களில் விடுகிறது என்றால் அதைத் தவறாமல் சொல்லுங்கள். டிரெட்மில் பரிசோதனையா, சிடி ஆஞ்சியோவா என்பது அந்த ஒரு வரியில் முடிவாகும்.

வலியைச் சொல்லும்போது கை என்ன செய்கிறது என்பதையும் மருத்துவர் கவனிப்பார். முஷ்டியை மடக்கி நடுநெஞ்சில் அழுத்திக் காட்டினால் இதயத்தின் மேல் சந்தேகம் கூடும். ஒற்றை விரலால் ‘இங்கேதான்’ என்று தொட்டுக் காட்டினால் குறையும். ஆனாலும் விரலால் காட்டிய எல்லோரும் தப்பித்தவர்கள் அல்ல.

பரிசோதனை முடிந்ததும் அந்த இசிஜி தாளைப் பத்திரப்படுத்துவதிலும் ஒரு தவறு நடக்கிறது. அது வெப்பத்தால் அச்சாகும் தாள். பீரோவில் வைத்தாலும் நாளடைவில் வெளுத்துவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லாமினேஷன் போட்டால் சூட்டில் மொத்தமும் கறுத்துவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, செல்போனில் படமும் எடுத்து வையுங்கள். அடுத்த முறை வலி வரும்போது பழைய இசிஜி பக்கத்தில் இருந்தால் மாற்றம் புதிதா பழையதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

‘ஹார்ட் இல்லை’ என்பது பாதிப் பதில்

நெஞ்சுவலியோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பதிலோடுதான் வீடு திரும்புகிறார்கள். நிம்மதியில் அடுத்த கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம்: அப்படியானால் வலிக்குக் காரணம் என்ன? அதைக் கேட்காமல் வந்தவர்தான் மூன்று மாதத்தில் வேறு ஊரில் இன்னொரு எக்கோ எடுக்கிறார். ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி, நுரையீரல் உறைக்குள் காற்று புகுதல், மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) கிழிதல் ஆகியவையும் பார்க்கப்பட்டனவா? ஒரு கால் மட்டும் வீங்கி மூச்சு வாங்குவதும், முதுகைக் கிழிப்பதுபோல் சட்டென்று தொடங்கிய வலியும் அவசரம்தான், இதயம் சுத்தமாக இருந்தாலும்.

மீதிக் காரணங்களில் முதலிடம் நெஞ்சு கரிப்புக்கு. புளித்த ஏப்பம், எதுக்களிப்பு, குனிந்தாலோ படுத்தாலோ கூடுகிற எரிச்சல். இதற்கு அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை கொடுத்தால் அதைச் சாப்பிட்ட பிறகு போடுவதுதான் எங்கும் காணும் தவறு. அமிலம் சுரக்கும் பம்புகள் உணவு வரும்போதுதான் வேலையைத் தொடங்கும். மருந்து அதற்கு முன்பே ரத்தத்தில் இருக்க வேண்டும். காலைப் பலகாரத்துக்கு 30 நிமிடம் முன்பு, தண்ணீரோடு. இரண்டு நாளில் பலன் இல்லை என்று நிறுத்தவும் வேண்டாம், மருத்துவர் சொன்ன கெடு (வழக்கமாக 4 முதல் 8 வாரம்) தாண்டி மருந்துக்கடையில் நீங்களே வாங்கி வருடக்கணக்கில் போடவும் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இருக்கட்டும். தலையணையை அடுக்குவது உதவாது. இடுப்பு மடிந்து வயிறு அழுந்தி, எதுக்களிப்பு கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கலைப் படுக்கவைத்தால் அரையடி உயரும், அது போதும். பாயில் படுப்பவர் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கலாம். விழுங்கும்போது சிக்கினாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, மலம் கறுத்தாலோ எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள்.

நாம் ‘மூச்சுப் பிடிப்பு’ என்று சொல்வது பல நேரம், விலாவெலும்பு நடுநெஞ்செலும்போடு சேரும் குருத்தெலும்பின் அழற்சி. 20 லிட்டர் தண்ணீர்க் கேனை ஒரே வீச்சில் தூக்கி வைத்த மறுநாள் வரும். அந்த மூட்டின்மேல் விரலால் அழுத்தினால் அதே வலி அப்படியே திரும்ப வரும். வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம், சில வாரம் பாரம் தூக்காமை. வலிக்குக் காரணம் இதுதானா எனத் தெரியாமல் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போடுவது இரட்டைத் தவறு: வலி வயிற்று அமிலத்தால் என்றால் புண்ணாக்கும், இதய நோய் இருப்பவருக்கு ஆபத்தைக் கூட்டும்.

படபடப்பு, விரல் மதமதப்பு, உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு, ‘செத்துவிடுவேன்’ என்ற பயம் என எல்லாம் சேர்ந்து பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கினால் அது பதற்றத் தாக்குதலாக இருக்கலாம். வேகமாக மூச்சு விடுவதில் கரியமில வாயு குறைவதால்தான் விரல் மரக்கிறது. காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லாதீர்கள். உள்ளே இருப்பது இதயம் அல்லது நுரையீரல் கோளாறு என்றால் ஆக்சிஜன் குறைந்து நிலைமை மோசமாகும். மெதுவாக உள்ளிழுத்து, அதைவிட நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். ‘உனக்கு ஒண்ணுமில்லை, நடிக்காதே’ என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அந்த வலி உண்மை. அதற்கு மனநல மருத்துவரிடம் நல்ல சிகிச்சை இருக்கிறது.

ஒருபக்க நெஞ்சில் பட்டையாக எரிந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் வந்தால் அது அக்கி. காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்ளப் போவதில் மருந்துக்கான நாள் கழிந்துவிடுகிறது. அசைக்ளோவிர் போன்ற மருந்தைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன்.

இவற்றில் ஒன்று உங்களுக்கு உறுதியான பிறகும், வழக்கமான கரிப்பு மாதிரி இல்லாமல் புதிதாக அழுத்தும் வலி வந்தால், நடையில் கூடும் வலி வந்தால், பழைய இசிஜி நகலோடு மறுபடி போங்கள். போன வருடம் சுத்தமாக இருந்த குழாய் இந்த வருடம் எப்படி இருக்கிறது என்பதைப் போன வருடத்துச் சீட்டு சொல்லாது.