ரொறன்ரோக் குளிருக்கு இன்டர்லாக் டிரைவ்வே: கல்லுக்குக் கீழேதான் வேலை

மார்ச் கடைசியில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் ஏதாவது ஒரு தெருவில் நடந்து பாருங்கள். சில வீடுகளில் டிரைவ்வேயின் இன்டர்லாக், அதாவது நெருக்கி அடுக்கிய கான்கிரீட் கற்கள், பதித்த நாளில் இருந்தது போலவே மட்டமாக இருக்கும். சில வீடுகளில் கார்ச் சக்கரம் ஓடும் இரண்டு தடமும் பள்ளமாகி, கராஜ் வாசலில் கல் எழும்பி நிற்கும். இரண்டு வீட்டிலும் ஒரே கல்லாகக்கூட இருக்கலாம். எங்கள் வீட்டில் முதலில் ஆள் வைத்துச் செய்தது இரண்டாவது வசந்தத்திலேயே பள்ளம் விழுந்துவிட்டது. கிளப்பிப் பார்த்தால் ஆறு அங்குலம்கூட வராத சல்லி, அதற்கடியில் களிமண், இரண்டும் கலந்து சேறாகக் கிடந்தது. பிறகு மச்சானும் நானும் அதே கற்களைக் கழற்றி அடுக்கி வைத்துவிட்டு, அடியிலிருந்து புதிதாகச் செய்தோம். இரண்டு முறை செலவழித்தது வலிக்கத்தான் செய்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குளிர் என்ன செய்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருமன் கூடும், இது தெரிந்த விஷயம். அதைவிட மோசமானது, உறைகிற மண், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலக் கீழேயுள்ள ஈரத்தையும் மேலே இழுத்து இழுத்துப் பனிக்கட்டி அடுக்குகளாகச் சேர்ப்பது. வண்டலும் களிமண்ணும் இதற்குப் பேர்போனவை. பனி இளகும் காலத்தில் மேல்மண் முதலில் உருகும், கீழே இன்னும் உறைந்தே இருக்கும், தண்ணீர் இறங்க வழியில்லாமல் நடுவில் சேறாக நிற்கும். அதன்மேல் காரை ஏற்றினால் பள்ளம் விழாமல் என்ன செய்யும்? இந்தப் பகுதியில் வீட்டு அத்திவாரத்தையே நான்கு அடி ஆழத்தில் போடுகிறார்கள், உறைபனி அவ்வளவு இறங்கும். டிரைவ்வேக்கு நான்கு அடி தோண்ட முடியாது. மேல் ஓர் அடியிலாவது தண்ணீர் தங்காமலும், மண் உள்ளே ஏறாமலும், பாரம் பரவும்படியும் செய்வதுதான் நம் கையில் இருக்கிறது.

தோண்டுவதற்குக் குறைந்தது ஐந்து வேலைநாட்களுக்கு முன்பே ஒன்டாரியோ வன் கோலில் (நிலத்தடிக் குழாய், வயர்களைக் குறித்துத் தர ஏற்பாடு செய்யும் சேவை) பதிவு செய்யுங்கள். இது இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. மஞ்சள் என்றால் காஸ், சிவப்பு மின்சாரம், நீலம் தண்ணீர், ஆரஞ்சு தொலைபேசியும் இணையமும் என்று தரையில் நிறத்தால் குறிப்பார்கள். நீங்களே போட்ட தோட்ட விளக்கு வயர், ஸ்பிரிங்க்ளர் குழாய் போன்றவற்றை அவர்கள் குறிக்க மாட்டார்கள். தெருவோரத் துண்டு நகரசபையுடையது, அதில் இருக்கும் தண்ணீர் வால்வு மூடியைக் கல்லால் மூடிவிடாதீர்கள். டிரைவ்வேயை அகலமாக்கும் எண்ணம் இருந்தால் முன்முற்றத்தில் எவ்வளவு புல்தரை விடவேண்டும் என்று நகரசபையில் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

அப்புறம் தோண்டுதல். சல்லி 12 அங்குலம், படுக்கை மணல் ஓர் அங்குலம், கல் 60 மில்லிமீற்றர், மொத்தம் 16 அங்குலம் அளவில் வரும். நல்ல மணற்பாங்கான நிலம் என்றால் ஆறு எட்டு அங்குலச் சல்லி போதும் என்பார்கள், எங்கள் களிமண்ணுக்கு அது போதாது. 20 அடிக்கு 20 அடி இடம் என்றால் கிட்டத்தட்ட 20 கன யார் மண் வரும், வெட்டியதும் பொங்கி 25 ஆகும், அதனால் மண் ஏற்றும் பெட்டியை (bin) வாடகைக்கு எடுக்கும்போது அளவைச் சரியாகச் சொல்லுங்கள். மண்வெட்டியால் முடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், சின்ன எக்ஸ்கவேட்டர் ஒன்றை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். கல் முடியும் ஓரத்திலிருந்து இன்னும் ஓர் அடி வெளியே தள்ளித் தோண்டவேண்டும், ஓரம் சரிவது பெரும்பாலும் இதை விட்டதால்தான்.

வாட்டம் மிக முக்கியம். ஓர் அடிக்குக் கால் அங்குலம், 20 அடிக்கு ஐந்து அங்குலம், வீட்டைவிட்டுத் தெருப் பக்கமாக. முளை அடித்து நூல் கட்டி ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பலரும் கல்லுக்கு மட்டும் வாட்டம் கொடுத்துவிட்டுக் குழியின் அடியை மட்டமாக விடுகிறார்கள், அப்படிவிட்டால் களிமண் குழி தொட்டி மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடிமண்ணுக்கும் அதே வாட்டம் வேண்டும். கூரைத் தண்ணீர்க் குழாய் டிரைவ்வே ஓரத்தில் கொட்டுகிறதென்றால் அதையும் இப்போதே வேறு பக்கம் திருப்புங்கள்.

மண் ஈரமாகக் குழைந்தால் இரண்டு நாள் காயவிட்டுப் பிறகு இடியுங்கள். புது வீடு என்றால் கராஜ் முன்னால் இருப்பது பில்டர் தோண்டி மீண்டும் நிரப்பிய மண், அது வருடக்கணக்கில் இறங்கும். அந்த இடத்தை மட்டும் ஜம்பிங் ஜாக் என்ற குதித்து இடிக்கும் இயந்திரத்தால் நன்றாக இடியுங்கள், ஓரிரு வருடம் பொறுக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி. தோட்டத்தில் களைக்குப் போடும் மெல்லிய கறுப்புத் துணி இதற்கு உதவாது. துண்டும் துண்டும் சேரும் இடத்தில் ஓர் அடி ஒன்றின்மேல் ஒன்று ஏறட்டும், குழியின் பக்கச் சுவரிலும் ஏற்றிவிடுங்கள். களிமண்ணும் சல்லியும் கலக்காமல் காப்பது இந்தத் துணிதான். எங்கள் முதல் டிரைவ்வேயில் இது இருக்கவே இல்லை.

சல்லிக்கு முக்கால் அங்குல கிரஷர் ரன் அல்லது கிரானுலர் ஏ என்று கேளுங்கள். பெரிய கல்லும் தூளும் கலந்திருப்பதால் இடித்தால் இறுகும். மேலே சொன்ன இடத்துக்குக் கிட்டத்தட்ட 25 டன் போகும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் கீழ்ப்பாதி இளக்கமாகவே இருக்கும். மூன்று நான்கு அங்குலம் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, 5,000 இறாத்தல் விசையுள்ள பிளேட் கம்பாக்டரால் (தட்டை அதிரவைத்து இறுக்கும் இயந்திரம்) நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஓட்டி, அது இறுகிய பிறகே அடுத்த அடுக்கு. இங்கே செலவாகும் நேரத்தைக் குறைக்கவே கூடாது, எங்களுக்கு இது மட்டும் முழுதாக இரண்டு நாள் எடுத்தது. கடைசி அடுக்கின்மேல் பத்து அடி மட்டப்பலகையை வைத்தால் அடியில் தெரியும் இடைவெளி எங்குமே எட்டில் மூன்று (3/8) அங்குலத்தைத் தாண்டாமல் இருக்கவேண்டும். மிச்சக் குழிகளை மணலால் நிரவிவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம், மணல் தடித்த இடம்தான் பிறகு இறங்கும்.

ஓர் அங்குலக் குழாய்கள் இரண்டை வைத்து, நடுவில் கரடுமுரடான கான்கிரீட் மணலைக் கொட்டி, பலகையால் இழுத்தால் படுக்கை தயார். ஒன்டாரியோவில் பலர் மணலுக்குப் பதில் தூளில்லாத கால் அங்குலச் சிப்ஸ் கல் போடுகிறார்கள், தண்ணீர் உடனே இறங்கும் என்பதால் எனக்கும் அதுதான் பிடித்தது. சுண்ணாம்புக் கல் ஸ்க்ரீனிங்ஸ் (கல் உடைக்கும்போது வரும் பொடிக்கல்) மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் தூள் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், இந்தக் குளிருக்கு வேண்டாம். இழுத்த படுக்கையில் காலை வைக்காதீர்கள், அன்று பதிக்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள்.

கல் வாங்கும்போது கனடாவின் சிஎஸ்ஏ ஏ231.2 (CSA A231.2) தரத்தில் உள்ளதா என்று கேளுங்கள். அந்தத் தரத்தில் கல்லை உப்புத் தண்ணீரில் உறையவைத்து உருகவைத்துச் சோதிப்பார்கள். காருக்கு 60 மில்லிமீற்றர் போதும், பாரமான வான் நிற்கும் வீடென்றால் 80. முற்றத்துக்குப் போடும் பெரிய சதுர ஸ்லாப் சக்கரப் பாரத்தில் ஆடும், வெடிக்கும். ஹெரிங்போன் முறையில், அதாவது கற்களை மாற்றி மாற்றிக் குறுக்காக வைத்து வளைந்து வளைந்து போகும்படி, அடுக்குங்கள், பிரேக் பிடித்துத் திருப்பும்போது கல் நகராமல் ஒன்றையொன்று தாங்குவதில் அதற்கு ஈடில்லை. மூலையைச் சதுரமாக்க 3, 4, 5 அடிக் கணக்கு: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வரவேண்டும். மூன்று பெட்டியிலிருந்து கலந்து எடுத்தால் நிறம் திட்டுத் திட்டாகத் தெரியாது. வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெட்டது.

ஓரப் பட்டியை மணல்மேல் வைக்காமல், இறுகிய சல்லிமேல் வைத்துப் பத்து அங்குல ஆணியால் அடிக்கு ஒன்றாக இறுக்குங்கள். பிறகு கம்பாக்டர் அடியில் ரப்பர் பாய் மாட்டி இரண்டு முறை ஓட்டி, பொலிமெரிக் மணலை (தண்ணீர் பட்டதும் இறுகும் பசை கலந்த மணல்) கொட்டித் தும்புத்தடியால் இடுக்குகளில் தள்ளி, திரும்ப ஓட்டி, மீண்டும் தள்ளுங்கள். கல் முழுதாக உலர்ந்திருக்க வேண்டும், அடுத்த 24 மணிநேரம் மழை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலே தங்கிய தூளை முழுவதும் ஊதி அகற்றிவிட்டே தண்ணீர் தெளிக்கவேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைப் படலம் ஒட்டிக்கொள்ளும், பிறகு போகாது. இதெல்லாம் மே முதல் அக்டோபர் வரைக்கும்தான். உறைந்த மண்மேலோ உறைந்த சல்லியாலோ செய்தது, உருகியதும் இறங்கியே தீரும்.

முதல் குளிரில் உப்பைக் குறையுங்கள். சாதாரண உப்பு மைனஸ் 10க்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது, அந்த நாட்களில் மணல் தூவினால் வழுக்காது. அமோனியம் கலந்த உரத்தைப் பனி உருக்கப் போடாதீர்கள், அது கான்கிரீட்டை அரிக்கும். ஸ்னோ புளோவரின் வாய் கல்லை உரசாதபடி அதன் அடிச்சறுக்குத் தகட்டைச் (skid shoe) சரிசெய்து, வாயைச் சற்று உயர்த்தி வையுங்கள். வாங்கிய கல்லில் இருபது முப்பதைக் கராஜ் பக்கத்தில் எடுத்து வையுங்கள், அதே நிறம் பிறகு கிடைப்பது கஷ்டம். ஏப்ரலில் எங்காவது சின்னப் பள்ளம் தெரிந்தால் மண் நன்றாகக் காயும்வரை, மே நடுப்பகுதி வரைக்கும் பொறுங்கள், பிறகு அந்த இடத்துக் கற்களை மட்டும் கிளப்பி, சல்லி சேர்த்து இடித்து, திரும்ப வைத்துவிடலாம்.