பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் செல்வோருக்கு: பருவமும் பனையோலையும் வீட்டுக் கொண்டாட்டங்களும்

புலம்பெயர்ந்த குடும்பங்களிற் பெரும்பாலானவை பயணச்சீட்டைப் பதிவு செய்த பின்னரே ஊரில் அந்தக் காலத்தில் என்ன நடக்கும் என்று விசாரிக்கின்றன. பிள்ளைகளோடு செல்பவர்கள் இந்த ஒழுங்கை மாற்றிக்கொள்வது நல்லது. பிள்ளை தன் கையால் எதைச் செய்து பார்க்க வேண்டும், எந்த வீட்டுக் கொண்டாட்டத்தில் விருந்தாளியாக அல்லாமல் வேலை செய்பவராகக் கலந்துகொள்ள வேண்டும் என்பவற்றை முதலில் முடிவு செய்து, அதற்குரிய பருவத்தைக் கண்டறிந்து, அதன் பின்னர் நாள் குறிக்க வேண்டும். கொழும்பு, கண்டி, திருகோணமலை என்று ஓடி முடித்துவிட்டுக் கடைசி மூன்று நாள்களை யாழ்ப்பாணத்துக்கு ஒதுக்கும் பயணத்தில் பிள்ளைகள் உறவினரின் முகங்களைப் பார்ப்பார்களே தவிர, அவர்களோடு எதையும் செய்யமாட்டார்கள். ஒரே வீட்டில் பத்து நாள்களாவது தங்குவது என்பதை அடிப்படை விதியாக வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதம்

அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வாழ்பவர்களுக்குப் பள்ளிக் கோடை விடுமுறை டிசம்பர், ஜனவரி மாதங்களில் வருவதால் தைப்பொங்கல் எளிதாகக் கிடைக்கிறது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களுக்கு ஜனவரி நடுப்பகுதியில் விடுமுறை இல்லை. அவர்களுக்கு வாய்ப்பது யூலை, ஓகஸ்ட் மாதங்களே. அதில் வருந்த எதுவுமில்லை. யூலை நடுப்பகுதியில் ஆடிப்பிறப்பு வருகிறது. பனம்பழம் விழத் தொடங்குகிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் பெருந்திருவிழா ஆடி அமாவாசையை அடுத்து ஆறாம் நாள் கொடியேறி இருபத்தைந்து நாள்கள் நடந்து ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுறுகிறது. நாள்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பார்த்த பின்னரே பதிவு செய்யுங்கள்.

ஏப்ரல் 14 அளவில் வரும் சித்திரைப் புத்தாண்டு மருத்துநீர் வைத்து முழுகுவது, பெரியவர்களிடம் கைவிசேடமாகக் காசு பெறுவது என்று பிள்ளைகளுக்குப் பிடித்தமானது. ஆனால் வெயில் மிகக் கடுமையாக இருக்கும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். வெள்ளம் தேங்கும், நுளம்பு பெருகும், டெங்குக் காய்ச்சலும் கூடும். ஓலை காயாது, முற்றத்து வேலைகள் தடைப்படும். நவராத்திரிக்கும் கார்த்திகை விளக்கீட்டுக்குமென்று வருபவர்கள் இதை அறிந்தே வரவேண்டும்.

உள்ளூர் மச்சான் மச்சாள்மாரின் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள். இலங்கைப் பாடசாலைகளுக்கு ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் மாதங்களில் தவணை விடுமுறை உண்டு எனினும், புலமைப்பரிசில் பரீட்சைக்கோ சாதாரண தரப் பரீட்சைக்கோ ஆயத்தமாகும் பிள்ளைக்கு விடுமுறையிலும் காலை தொடங்கி மாலை வரை தனியார் வகுப்புகள் இருக்கும். உங்கள் பிள்ளையோடு விளையாட அந்தப் பிள்ளையை வகுப்பிலிருந்து மறிக்கச் சொல்வது பெற்றோருக்குச் சங்கடம் தரும் கோரிக்கை.

ஓலை வேலை

பனையோலைப் பொருள்களை வாங்குவதற்குப் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்கள் உள்ளன. சந்தைகளிலும் சுளகும், கடகம் என்னும் பெரிய பெட்டியும், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியும் விற்பவர்களைக் காணலாம். ஆனால் வாங்குவதும் பழகுவதும் வெவ்வேறு. பழக வேண்டுமானால், ஊருக்குள் இழைக்கத் தெரிந்த ஒருவரை உறவினர் மூலமாக முன்னரே கேட்டு வையுங்கள். பெரும்பாலான கிராமங்களில் வீட்டிலிருந்தே இழைத்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவருடைய ஒரு காலைப்பொழுதை நீங்கள் எடுத்துக்கொள்வதென்றால், அந்த நேரத்தில் அவர் இழைத்திருக்கக்கூடிய பெட்டிகளின் பெறுமதியையாவது கொடுக்க வேண்டும்; சொந்தக்காரர்தானே என்று வெறுங்கையோடு எழுந்து வருவது முறையல்ல. விலை பேசிக் குறைப்பதையும் தவிருங்கள். ஒரு கடகத்துக்குப் பின்னால் ஓலை வெட்டுவித்தல், வெயிலில் காயவிடுதல், ஈர்க்கு நீக்கி வார்தல், சாயம் காய்ச்சித் தோய்த்தல் என்று பல நாள் உழைப்பு இருக்கிறது.

விரியாத இளம் ஓலையான சார்வோலையைத்தான் இழைப்புக்கு எடுப்பார்கள். அது வெட்டிய உடனே வேலைக்கு ஆகாது. காய்ந்து வெளுக்க நாள்கள் வேண்டும். ஆகவே, போய் இறங்கிய மறுநாளே பாடம் தொடங்கும் என்று எதிர்பார்க்காமல், நீங்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னரே ஓலையை ஆயத்தப்படுத்தச் சொல்லிவிடுங்கள். காய்ந்த ஓலையை இழைக்கும்போது ஈரத்துணியால் துடைத்து இளக்கிக்கொள்வார்கள். வார்ந்த ஓலையின் விளிம்பு பிஞ்சு விரலை எளிதில் கீறிவிடும் என்பதால், சிறு பிள்ளைகளுக்கு வார்ந்து கொடுக்கும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெட்டி இழைக்கக் கொடுக்காதீர்கள். மூலை திருப்புமிடத்தில் குழம்பி, ஆர்வம் போய்விடும். காற்றாடி, கிலுகிலுப்பை, ஓலைப்பாம்பு ஆகியவை ஒரே இருப்பில் முடிபவை. முட்கிளுவை முள்ளில் குத்திய காற்றாடியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடிய பிள்ளை, மறுநாள் தானாகவே அடுத்த ஓலையைக் கேட்கும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் சிறு பெட்டி ஒன்றை மூன்று நான்கு நாள்களில் ஒப்பேற்றிவிடுவார்கள். அது கோணலாகத்தான் வரும். கற்றுக்கொடுப்பவர் இரவில் அதை அவிழ்த்துத் திருத்தி வைத்துவிடாதபடி, கோணலாகவே இருக்கட்டும் என்று பணிவாகச் சொல்லி வையுங்கள்.

இழைத்தவற்றைக் கொண்டுசெல்வதற்கு முன் இரண்டு நாள் வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் பயணப்பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் செல்பவர்கள் ஓலை, மரம், விதை எதுவாயினும் வருகைப் படிவத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் பரிசோதித்துவிட்டுத் தருவதற்கு வாய்ப்புண்டு, மறைத்தால் தண்டப்பணம் உறுதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மாம்பழம் போன்ற பழங்களைத் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுசெல்ல முடியாது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை ஊரிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிடுவதுதான் வழி. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ஏட்டுச்சுவடிகளை நினைவுப்பொருளாக எடுத்துவர எண்ண வேண்டாம்; தொல்பொருள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதற்கு அனுமதி வேண்டும். கடற்கரையில் பொறுக்கிய பவளக் கல்லும் அவ்வாறே சிக்கல் தரும்.

ஆடியிலும் ஆவணியிலும்

பிள்ளைகளின் கைக்கு ஏற்ற கொண்டாட்டம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் ஆடிப்பிறப்பைத்தான் சொல்வேன். கோயிலுக்குப் போய் வரிசையில் நிற்கும் நாள் அல்ல அது. வீட்டுக் குசினியிலேயே நடந்து முடிகிற நாள். வறுத்த பயறும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்ந்த கூழில் தேங்காய்ச் சொட்டுகள் மிதக்கும். அதைக் குடிப்பதற்குப் பிலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்திக் கரண்டி செய்வது பிள்ளைகளின் பொறுப்பு. ஐந்து வயதுப் பிள்ளையும் இதைச் செய்யும். பழுத்த இலை கிழியாமல் மடியும். மிகவும் பச்சை இலையில் பால் கசியும். கொழுக்கட்டைக்கு மா குழைத்துத் தட்டையாக்கி, பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்து மூடி, விளிம்பைக் கிள்ளிக் கிள்ளி மடிப்பதில் அம்மம்மாவின் வேகத்துக்கு எவரும் ஈடாக முடியாது; எனினும் பிள்ளைகள் பிடித்தவற்றைத் தனியே ஓர் இலையில் வைத்து அவிக்கச் சொல்லுங்கள், தாங்கள் செய்ததைத் தேடி எடுப்பதில்தான் அவர்களுக்கு மகிழ்ச்சி.

ஆவணியை நெருங்கும்போது பனம்பழம் விழும். விடிந்ததும் வளவுக்குள் போய்ப் பழம் பொறுக்குவது பிள்ளைகளுக்குப் பெரும் விளையாட்டாக இருக்கும். ஆனால் காற்றடிக்கும் நேரத்தில் பனையின் கீழ் நிற்கவே விடக்கூடாது. தலையில் விழுந்தால் ஆபத்தான பாரம் அது. பழத்தைச் சுட்டுத் தோலுரித்துச் சூப்புவது, களியைப் பிழிந்து பனங்காய்ப் பணியாரம் சுடுவது, பாயில் ஊற்றிக் காயவைத்துப் பினாட்டாக்குவது ஆகிய மூன்றையும் ஒரே கிழமையில் பார்த்துவிடலாம். எஞ்சும் கொட்டைகளைச் சேர்த்து, மழைக்கு முன்னர் பாத்தி போடுவார்கள். அவை தை மாதமளவில் கிழங்காகும். உங்கள் பிள்ளை பொறுக்கிய கொட்டைகளுக்குப் பாத்தியில் ஒரு மூலையை ஒதுக்கித் தரும்படி கேட்டு, ஜனவரியில் கிழங்கு கிண்டும்போது காணொளி அழைப்பில் காட்டச் சொல்லுங்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பல வீடுகளில் இருபத்தைந்து நாளும் மீன், இறைச்சி முதலிய மச்சம் சமைக்கமாட்டார்கள். விருந்தினருக்காக அந்த ஒழுங்கை அவர்கள் தளர்த்த முன்வந்தாலும் நீங்கள் மறுத்துவிடுவதே மரியாதை. கோயிலினுள் ஆண்கள் மேற்சட்டையின்றிச் செல்ல வேண்டும் என்பதைச் சிறுவர்களுக்கும் முன்னரே சொல்லி வையுங்கள்.

தை மாதத்துப் பட்டங்கள்

வாடைக்காற்று எழும் மார்கழி, தை மாதங்களில் யாழ்ப்பாணத்து வானத்தில் பட்டங்கள் நிறைந்திருக்கும். வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் தைப்பொங்கலன்று நடைபெறும் பட்டப் போட்டியில் விமானம், விலங்கு, தேர் என்று முப்பரிமாண வடிவங்கள் ஏறுவதைப் பார்க்கப் பெருங்கூட்டம் திரளும். ஆகவே நண்பகலுக்கு முன்னரே சென்று இடம்பிடிப்பதோடு, பிள்ளையின் சட்டைப்பையில் உறவினரின் தொலைபேசி இலக்கத்தை எழுதி வையுங்கள்.

போட்டியைப் பார்ப்பதைவிட வீட்டில் ஒரு பட்டம் கட்டுவது கூடுதல் பயன் தரும். தொடக்கத்துக்கு ஈர்க்கும் மெல்லிய தாளும் மாப்பசையும் போதும். கொக்கு, பிராந்து, எட்டுமூலை என்று வடிவங்கள் பல இருந்தாலும், பட்டம் ஏறுவதும் குத்துவதும் முச்சை, அதாவது ஏற்றும் நூலைப் பட்டத்தோடு இணைக்கும் நூல்கள், கட்டுவதைப் பொறுத்தது; அதை ஊர்ப் பையன்களிடந்தான் கற்க வேண்டும். பெரிய பட்டங்களில் விண் கட்டுவார்கள். வில்லாக வளைத்த தடியில் இழுத்துக் கட்டிய நார் காற்றில் அதிர்ந்து இரவு முழுவதும் கூவும்; இப்போது நாருக்குப் பதிலாகப் பொதி கட்டும் பிளாஸ்டிக் நாடாவையும் பயன்படுத்துகிறார்கள். மின்கம்பிகள் இல்லாத வெளியிலேயே ஏற்ற வேண்டும். தங்கூசி என்னும் நைலோன் நூல் கையை அறுப்பதோடு வீதியில் மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்தையும் அறுக்கக்கூடியது. ஆகவே பிள்ளைகளுக்குப் பருத்தி நூலையே கொடுங்கள்.

பொங்கல் நாளில் முற்றத்தை மெழுகிக் கோலமிட்டு அடுப்பு மூட்டும் வேலை விடியுமுன்னரே தொடங்கிவிடும். நேர மாற்றத்தில் பிள்ளைகள் அந்த வேளையில் விழித்திருக்க வேண்டுமானால், குறைந்தது நான்கைந்து நாள் முன்னதாக வந்து சேருங்கள்.

குடும்பச் சடங்குகளை ஊரில் வைப்பவர்கள்

முதற்பல் முளைத்த குழந்தைக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுவதை அப்பம்மா, அம்மம்மாவின் கையால் செய்விக்க விரும்பிப் பலர் வருகிறார்கள். குழந்தையை இருத்தித் தலையில் வெள்ளைத் துணி பிடித்து, சிறு கொழுக்கட்டைகளை மெல்லச் சொரிந்து, முன்னால் வைத்த ஏடு, எழுதுகோல், நகை போன்றவற்றில் குழந்தை எதை எடுக்கிறது என்று பார்த்துச் சிரிக்கும் எளிய சடங்கு இது. கொழுக்கட்டை நன்றாக ஆறியிருக்க வேண்டும். அதிலுள்ள தேங்காய்ச் சொட்டு குழந்தையின் வாய்க்குள் போகாதபடி ஒருவர் அருகில் இருக்க வேண்டும். இதற்கு மண்டபமும் படப்பிடிப்புக் குழுவும் தேவையில்லை. நாம் வெளிநாட்டுக் காசில் பெரிதாகச் செய்யும்போது, அடுத்த மாதம் அதே சடங்கைச் செய்யவிருக்கும் உறவினருக்கு அது சுமையாகிறது. விசயதசமியன்று ஏடு தொடக்குவதற்கு அரிசி பரப்பிய தட்டும் எழுத்தறிவிக்கும் ஒரு பெரியவரும் போதும்.

பூப்பெய்திய மகளின் சாமத்தியச் சடங்கை ஊரில் வைப்பதானால், முதலில் அவளிடம் கேளுங்கள். அறிமுகமற்ற முந்நூறு பேர் முன்னிலையில் அலங்காரத்தோடு நிற்பதற்கு அவள் விரும்பவில்லையெனில், வீட்டுக்குள்ளேயே மாமிமார் தண்ணீர் வார்ப்பதோடு முடித்துக்கொள்ளலாம். எத்தனையோ குடும்பங்கள் அப்படிச் செய்கின்றன.

எந்தக் கொண்டாட்டத்துக்கும் முன்னர், நெருங்கிய உறவில் அந்த ஆண்டு மரணம் நிகழ்ந்துள்ளதா என்று விசாரிக்க வேண்டும். துடக்கு, அதாவது மரணத் தீட்டு, உள்ள வீட்டில் பொங்கமாட்டார்கள், பலகாரமும் சுடமாட்டார்கள். அங்கே இனிப்புப் பெட்டியோடு போய் நிற்பது அவர்களை வருத்தும்.

பாதுகாப்பும் ஆவணமும்

ஊர்க் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டு தாழ்வானது. தோட்டக் கிணறுகளுக்குக் கட்டே இல்லாமலும் இருக்கும். போன முதல் நாளே பிள்ளைகளை அழைத்துச் சென்று எல்லையைக் காட்டிவிடுங்கள். ஓலையும் தடியும் தேடிப் பற்றைக் காடுகளுக்குள் போக விடாதீர்கள். பாம்பு ஒருபுறமிருக்க, வடக்கில் மிதிவெடி அகற்றும் பணி முற்றாக முடிவடையாத இடங்களும் உண்டு; எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்குள் எவரும் கால் வைக்கக்கூடாது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே நுழைவு அனுமதி தேவை. விதிகளும் கட்டணமும் மாறிக்கொண்டிருப்பதால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மட்டுமே சரிபாருங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். சிறு பிள்ளைகளுக்கு இரவுப் பேருந்தைவிடப் புகையிரதம் வசதியானது, ஆனால் விடுமுறைக் காலத்தில் ஆசனங்கள் விரைவில் முடிந்துவிடும். 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்ட பின்னர் சென்னை வழியாக நேரே யாழ்ப்பாணத்தில் இறங்கும் வழியும் உண்டு; அதைத் தேர்பவர்கள் இடைவழித் தங்கலுக்கு இந்திய விசா வேண்டுமா என்பதையும், சிறு விமானத்தில் எவ்வளவு பொதி அனுமதிக்கப்படும் என்பதையும் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். சுளகும் கடகமும் பாரமற்றவை எனினும் இடத்தை அடைப்பவை. பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, உள்ளே உடுப்புகளைத் திணித்தால் நசியாமல் வந்து சேரும்.